எட்டாவது போல்ட்

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரெட்டைப்பூட்டு என்பார்கள். பட்டறைக் கதவுக்கு ஒரு பூட்டு, அதற்கு மேலே இன்னொரு பூட்டு, அப்புறம் பத்தடி நடந்து, திரும்பி வந்து இரண்டையும் இழுத்துப் பார்க்கிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது பக்கத்துக் கடைக்காரர் "ரெட்டைப்பூட்டு இருக்காரா?" என்று எட்டிப் பார்த்தால், "இருக்கார், எந்தப் பூட்டு வேணும்?" என்று கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

சந்தேகம் அவருக்கு உடம்போடு பிறந்தது. ஒரு டேப்பால் அளந்ததை இன்னொரு டேப்பால் அளப்பார். பால் நல்லாத்தான் இருக்கு என்று நான் சொன்ன பிறகும் பாத்திரத்தைத் தூக்கி மோந்து பார்ப்பார். கல்யாணத்துக்கு முன்னால் சம்மதமா என்று கேட்டார், சம்மதம் என்றேன். மறுநாள் போன் போட்டு, "நேத்து சொன்னது நிஜந்தானே?" என்றார். அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆனால் இந்தக் குணம்தான் எங்கள் பட்டறைக்கு ஆட்களைக் கொண்டுவந்தது. மலைப்பாதையிலும் ஓடைக்குள்ளும் போகிற நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகளை உயரமாக்கிக்கொள்கிறார்கள். நீளமான ஸ்பிரிங்கைப் போட்டால் வண்டி உயர்ந்துவிடும். அதோடு கையைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறவர்கள் நிறைய. பின் அச்சை வண்டியின் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கிற நாலு இரும்புக் கைகளை மறந்துவிடுவார்கள். லிங்க் என்று சொல்வோம், மேலே இரண்டு, கீழே இரண்டு. குறுக்கே ஒரு ராடும் உண்டு, அதற்கு இந்தக் கதையில் வேலையில்லை. வண்டி உயர்ந்தால் பழைய லிங்க் நீளம் போதாது. அச்சு முன்பக்கம் இழுபட்டு, அதன் முகம் திரும்பிக்கொள்ளும். ஓடும்போது என்ஜின் இழுப்பைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற ஷாஃப்ட் நடுங்கும். அப்படி நடுங்குகிற வண்டிகள் எங்களிடம் வரும். இவர் பழைய லிங்கைக் கழற்றிவிட்டு, கனமான பைப்பை அறுத்து, வேண்டிய நீளத்துக்குப் புதிதாகச் செய்து மாட்டுவார்.

லிங்கின் இரண்டு முனையிலும் ஒரு ரப்பர் புஷ் உட்காரும். அதை பிரஸ்ஸில் வைத்து அழுத்துவது என் வேலை. ரப்பருக்கு நடுவில் ஒரு இரும்புக் குழாய் இருக்கும். குழாயின் விளிம்பில் சின்னச் சின்னப் பற்கள். போல்ட்டை முறுக்கினால் அந்தப் பற்கள் லிங்க் முனையைத் தாங்குகிற பிராக்கெட்டைக் கடித்துக்கொள்ளும், குழாய் அதற்கப்புறம் அசையாது. வண்டி ஏறி இறங்கும்போது ரப்பர் மட்டும்தான் திருகிக் கொடுக்கும். அதனால் வண்டி தன் பாரத்தோடு தரையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவனுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்தால், கையை இறக்கினதும் அக்குள் கிழியாதா? அதே கதைதான்.

முறுக்கி முடித்ததும் இவர் ஒரு சின்ன பிரஷ்ஷால் நட்டிலிருந்து பிராக்கெட் வரைக்கும் மஞ்சள் பெயிண்டில் சாய்வாக ஒரு கோடு இழுப்பார். நட்டு துளி நகர்ந்தாலும் கோடு உடைந்துவிடும். எல்லாப் பட்டறையிலும் இழுக்கிற கோடுதான். ஆனால் இவர் மஞ்சளில் கொஞ்சம் வெள்ளை கலந்து, யாரிடமும் இல்லாத ஒரு நிறத்தை வைத்திருந்தார். எவனாவது கழற்றிவிட்டுத் திரும்பக் கோடு போட்டால் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

இப்போது கொழுந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவருடைய ஒரே தம்பி. ஆறு வருஷம் எங்களோடு பட்டறையில் வேலை பார்த்தான். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவான். ஒருநாள் டார்க் ரெஞ்சைக் காணோம். போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டுமோ அவ்வளவுக்கு வந்ததும் 'டிக்' என்று சொல்லிவிடுகிற ரெஞ்ச் அது. இவருக்கு வலது கை மாதிரி. மூன்று நாள் தேடினோம். நாலாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தம்பியின் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எடுத்தவங்க திருப்பி வெச்சிட்டா நான் எதுவும் கேக்கமாட்டேன்."

சாப்பாட்டில் இருந்ததே நாங்கள் மூன்று பேர்.

"நான் எடுக்கலை அண்ணே," என்றான்.

"அப்ப அதுக்குக் கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?"

கொழுந்தன் கை கழுவிவிட்டுப் போனவன்தான். மலைக்கிராமங்களுக்குப் போகிற மருத்துவ முகாம் ஒன்றில் வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. எட்டு மாதம் கழித்து, காற்றடிக்கிற கம்ப்ரஸரை நகர்த்தியபோது, அதற்கும் சுவருக்கும் இடையில், ஒட்டடைக்குள் அந்த ரெஞ்ச் கிடந்தது. இவர் எடுத்தார், துடைத்தார், சுவரில் அதன் பழைய ஆணியில் மாட்டினார். என்னைப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவரே போய்ச் சொல்லட்டும் என்று இருந்தேன் என்பது சாக்கு. எனக்கும் வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அவன் போய் நாலு வருஷம் ஆகிறது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த மருத்துவ முகாம் தன் வண்டியை உயர்த்தியது. நாங்கள் கொழுந்தனுக்குச் சொந்தம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. லிங்க் வேலைக்கு எங்கள் பட்டறையை யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓட்டிக்கொண்டு வந்தது கொழுந்தன். "நல்லா இருக்கீங்களா அண்ணி?" என்றான். அண்ணனைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அண்ணனும் தலையை ஆட்டினார். கூடப் பிறந்தவர்கள் நாலு வருஷம் கழித்துப் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் எங்களுக்குப் புது லிஃப்ட் வந்திருந்தது. இருபது வருஷமாக இவர் குழிக்குள் இறங்கி, தலைக்கு மேலே நிற்கிற வண்டியில் வேலை பார்த்தவர். இப்போது இரண்டு தூணுக்கு நடுவில் வண்டியைச் சட்டத்தோடு தூக்கி, நிமிர்ந்து நின்றுகொண்டே பார்க்கலாம். இடுப்புவலி போச்சு என்று எனக்கு ஒரே சந்தோஷம். டீசல் டேங்கை இறக்கிவைத்து நாலு லிங்கும் மாட்டினார், எட்டு போல்ட்டையும் ரெஞ்சால் முறுக்கினார், எட்டு கோடு இழுத்தார். வாசலில் நின்றிருந்த கொழுந்தன் அண்ணாந்து பார்த்தவன், "அண்ணே, இதை இப்பவே..." என்று ஆரம்பித்தான்.

இவர் திரும்பி, "என்ன?" என்றார். அந்த 'என்ன'வை நான் கேட்டிருக்கிறேன். அதற்குப் பதில் சொல்ல எனக்கே தைரியம் வராது.

"ஒண்ணுமில்ல," என்றான்.

போன வெள்ளிக்கிழமை காலையில் வண்டி திரும்பி வந்தது. "பின்னாடி டொக்குனு ஒரு சத்தம் வருது. வலப்பக்கம், மேல லிங்க்னு நினைக்கிறேன்," என்று சொல்லிவிட்டுக் கொழுந்தன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் தெருமுனை தாண்டுவதற்குள் இவருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. "வலப்பக்கம், மேலன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"ஓட்டுறவனுக்குத் தெரியாதா? காது இருக்குல்ல."

"சத்தம்னு சொல்லலாம். எந்த லிங்க்னு எப்படிச் சொல்றான்?"

வண்டியைத் தூக்கினார். டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு மெதுவாக, "இங்க வா," என்றார். போனேன். ஒரு கோட்டைக் காட்டினார். மஞ்சள் கோடுதான். "இது என்னோடது இல்ல."

எனக்கு எல்லா மஞ்சளும் மஞ்சள்தான். ஆனால் இவர் பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்தபோது எனக்கும் வித்தியாசம் தெரிந்தது. அந்தக் கோடு எலுமிச்சை நிறத்தில் இருந்தது. சாய்வாக இல்லாமல் நேராக இருந்தது. இப்படி ஏழு. எட்டாவது மட்டும், வலப்பக்கம் மேல் லிங்கின் முன்முனையில், டீசல் டேங்குக்கு மேலே இவர் போட்ட கோடு போட்டபடியே இருந்தது. டேங்கை இறக்காமல் அங்கே ரெஞ்ச் போகாது. தரையில் படுத்துக்கொண்டு யார் என்ன வித்தை காட்டினாலும் முடியாது.

"யாரோ ஏழையும் கழட்டி மாட்டியிருக்காங்க," என்றார். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "புஷ் அழுத்துனப்ப ஏதாவது குறை தெரிஞ்சு, எனக்குத் தெரியாம நீ எதையாவது..."

பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் கேட்கிற கேள்வி. வந்த ஆத்திரத்தில் டார்ச்சைப் பிடுங்கி மேஜையில் வைத்தேன். "ஆமா, வண்டியை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் அடுப்படியில வெச்சுக் கழட்டுனேன்," என்றேன். அதையும் ஒரு நொடி யோசித்துப் பார்த்தார். அதுதான் என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

மத்தியானம் முகாம் அலுவலகத்துக்குக் கிளம்பினார். என்னையும் கூட்டிப்போனார், சாட்சிக்காம். கொட்டகையில் மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் எலுமிச்சை மஞ்சளில் நம்பர் எழுதியிருந்தது. பக்கத்திலேயே டப்பாவும் பிரஷ்ஷும். இவர் டப்பாவைத் திறந்து பார்த்தார், மூடினார். முகத்தில் ஒரு திருப்தி வந்தது. கையும் களவுமாகப் பிடித்தவர் முகம். பெட்டிக்கு நம்பர் போடுவது யார் என்று கேட்டார். "டிரைவர்தான்," என்றார்கள்.

நேரே பொறுப்பாளர் அம்மாவின் அறைக்குப் போனார். நான் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். "முதல்ல அவன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க." காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பொறுப்பாளர் அம்மா கண்டிப்பானவர். கேட்டு முடித்ததும் கொழுந்தனைக் கூப்பிட்டார். "நீங்க கை வெச்சீங்களா?"

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஆமா மேடம். நான்தான் கழட்டி முறுக்குனேன்."

"ஏன்?"

அவன் மறுபடியும் அண்ணனைப் பார்த்தான்.

"நோயாளியும் நர்ஸும் ஏறுற வண்டி. யாருக்கும் சொல்லாம அடியில கை வெக்கிறது விளையாட்டா? திங்கக்கிழமை வரைக்கும் நீங்க வண்டி எடுக்க வேண்டாம்." பிறகு இவரிடம் திரும்பி, "அவர் கை வெச்சதால என்னென்ன கெட்டுச்சுன்னு எழுதிக் கொண்டுவாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் இவரை வெச்சுக்கிறதா அனுப்புறதான்னு முடிவு பண்ணணும்," என்றார்.

இவர் எழுதப்போகிற ஒரு தாளில் கொழுந்தனின் வேலை தொங்கியது. அவனுக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஏற்கெனவே ஒரு பிழைப்பை இவர் வாயால்தான் விட்டான். அன்று சாயங்காலம் அவனுக்குப் போன் போட்டேன்.

"எதுக்குப்பா கழட்டுன? என்கிட்டயாவது சொல்லு."

"விடுங்க அண்ணி."

"வேலை போயிடும்டா."

"அண்ணன் பேரு போறதுக்கு அது தேவலை."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவனும் எதையோ மென்று விழுங்குகிறான் என்று மட்டும் தெரிந்தது. அந்தக் குடும்பத்தில் ஒருவர் எதையும் நம்பமாட்டார், இன்னொருவர் எதையும் சொல்லமாட்டார். நடுவில் நான். சனிக்கிழமை முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் தாளும் பேனாவும் எடுத்துவைத்துக்கொண்டு, டேங்கை இறக்கி, நாலு லிங்கையும் கழற்றினார். எட்டு புஷ்ஷையும் வெளியே தள்ளச் சொன்னார். ஏழு கிழிந்திருக்கும், ஒன்று நன்றாக இருக்கும், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்பது கணக்கு.

முதல் புஷ்ஷைத் தள்ளினேன். ரப்பர் புதுசு மாதிரி இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை என் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு கீறல் இல்லை. ஏழாவது வரைக்கும் இல்லை. எட்டாவதைத் தள்ளினேன். அது முழுசாக வரவில்லை. நடுக்குழாய் தனியாக என் கையில் விழுந்தது. ரப்பர் சுற்றிலும் கிழிந்திருந்தது.

யாரும் தொடாத புஷ். இவர் முறுக்கி, இவர் கோடு போட்டு, அந்தக் கோடு போட்டபடியே இருந்த புஷ்.

"பிரஸ்ல நீ சரியா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு பிராக்கெட்டுகளைப் பார்க்கப் போனார். நானும் போனேன். ஏழு பிராக்கெட்டிலும் பல் கடித்த தடம் இரண்டு இருந்தது. ஒன்றின் மேல் இன்னொன்று, கொஞ்சம் திரும்பி. முதலில் ஒரு நிலையில் முறுக்கி, பிறகு தளர்த்தி, வேறு நிலையில் முறுக்கின தடம். எட்டாவதில் ஒரே தடம். இவர் ஒவ்வொன்றாக விரலால் தடவினார். பிறகு லிஃப்டின் தூணைப் பார்த்தார். அந்தரத்தில் நிற்கிற வண்டியைப் பார்த்தார். லிங்குகள் இருந்திருந்தால் பின் அச்சு எவ்வளவு கீழே தொங்கும் என்று கையால் அளந்து பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"தொங்கவிட்டு முறுக்கியிருக்கேன்," என்றார்.

இருபது வருஷமும் குழியில் வேலை செய்தவர். குழியில் வண்டி எப்போதும் தன் காலில்தான் நிற்கும், பாரம் எப்போதும் சக்கரத்தில் இருக்கும். மாட்டின கையோடு முறுக்கலாம். அந்தக் கை, லிஃப்ட் வந்த பிறகும் மாட்டின கையோடு முறுக்கிவிட்டது. ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் இந்த விதியைச் சொல்லிக் கொடுத்தவர், தன் பட்டறையில் வண்டி காலைத் தொங்கப்போட்டுக்கொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை. எல்லாரையும் சந்தேகப்பட்டவருக்குத் தன் கை மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை.

கொழுந்தன் அன்றைக்கே அதைப் பார்த்துவிட்டான். வண்டியை ஓட்டிக்கொண்டுபோய், எங்கேயோ ஒரு சமதரையில் நிறுத்தி, அடியில் படுத்து, கை எட்டின ஏழையும் தளர்த்தி, பாரத்தோடு முறுக்கியிருக்கிறான். அண்ணன் வழக்கப்படி, பெட்டிக்கு நம்பர் போடுகிற மஞ்சளில் கோடும் போட்டிருக்கிறான். எட்டாவதுக்கு அவன் கை எட்டவில்லை.

இவர் அன்று சாப்பிட வரவில்லை. வெற்றுத் தாளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை பொறுப்பாளர் அம்மாவின் மேஜையில், தாளுக்குப் பதிலாக, கிழிந்த புஷ்ஷை வைத்தார். "தப்பு என்னோடது மேடம். இவன் தொட்டதெல்லாம் நல்லா இருக்கு. இவன் தொடாதது ஒண்ணுதான் கெட்டுச்சு." பிறகு தடத்தைப் பற்றியும் லிஃப்டைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னார். பூசி மெழுகவில்லை.

அம்மா புஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொழுந்தனிடம், "இதை அன்னிக்கே இவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"சொன்னா நம்பமாட்டார் மேடம்."

"சொல்லிப் பார்த்தீங்களா?"

"ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கேன்," என்றான். "வேற ஒரு விஷயத்துக்கு."

அறையில் இருந்த நாலு பேரில் மூன்று பேருக்கு அது என்ன விஷயம் என்று தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

இனிமேல் எதுவானாலும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்று இரண்டு பேரையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, அம்மா கொழுந்தனையே வண்டி எடுக்கச் சொன்னார்.

மூன்று பேரும் பட்டறைக்கு வந்தோம். புது புஷ் அழுத்தினேன், அண்ணனும் தம்பியும் லிங்குகளை மாட்டினார்கள். பேச்சு ஸ்பேனர் நம்பர்தான், அதற்கு மேல் இல்லை. வண்டியை இறக்கி, டேங்கை மாட்டாமலே பழைய குழிக்கு மேலே தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினார்கள். நாலு சக்கரமும் தரையில். இவர் சுவர்ப்பக்கம் போய் அந்த டார்க் ரெஞ்சைக் கழற்றினார். குழிக்குள் நின்றிருந்த தம்பியிடம் நீட்டினார். அவன் பிடித்த பிறகும் இவர் விடவில்லை.

"இது கம்ப்ரஸருக்குப் பின்னாடி கிடந்துச்சுடா," என்றார். "அன்னிக்கு."

"தெரியும் அண்ணே. வண்டி விட வந்த அன்னிக்கே சுவர்ல மாட்டியிருந்ததைப் பார்த்தேன்."

"கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்," என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "அண்ணியாவது சொல்வாங்கன்னு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. இத்தனை நாளாக இவர் குணத்தைக் கேலி பண்ணிக்கொண்டு, என் குற்றத்தை அதற்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தவள் நான். "தப்புதாம்பா," என்றேன். அவன் தலையை ஆட்டினான், பரவாயில்லை என்றா, சரி என்றா, தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை.

இவர் ரெஞ்சை விட்டார். கொழுந்தன், டேங்க் இல்லாததால் கைக்கு எட்டின எட்டாவது போல்ட்டிலிருந்து ஆரம்பித்தான். எட்டு முறை 'டிக்' என்று கேட்டது. இவர் மஞ்சள் டப்பாவையும் பிரஷ்ஷையும் குனிந்து கொடுத்தார். அவன் எட்டு கோடும் போட்டு, டேங்கையும் மாட்டிவிட்டு மேலே வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வருகிறேன் என்று சொன்னான்.

இவர் குழியின் விளிம்பில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வண்டி கிளம்புகிற வரைக்கும் அந்தக் கைகள் ஒன்றையொன்று பிடித்து இறுக்கிக்கொண்டே இருந்தன. ஒரு போல்ட்டைக்கூட இரண்டாம் முறை தொட்டுப் பார்க்கவில்லை.